அரையிறுதியின் கடைசிப் பந்தும் என் குறிப்பேடும்: ஒரு லிபரோவின் கேள்வி

கேள்வி: பின்வரிசை

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் பெண்கள் கைப்பந்து (வாலிபால்) அணியில் இரண்டு ஆண்டுகளாக லிபரோவாக, அதாவது பின்வரிசையில் பந்தை வாங்குவதற்கென்றே நிற்பவளாக, ஆடுகிறேன். இந்த ஆண்டு எங்கள் சீசன் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் அரையிறுதியோடு முடிந்துபோனது. ஆளுக்கு இரண்டு செட் வென்றிருந்த நிலையில், ஐந்தாவது செட்டை 13-15 என்று இழந்தோம். கடைசிப் புள்ளி, எனக்கும் எனக்கு இடப்பக்கம் நின்ற அட்டாக்கருக்கும் (பந்தை அடித்து எதிர்ப்பக்கம் அனுப்புபவர்) நடுவே விழுந்த ஒரு சர்வீஸ். இருவரும் அடியெடுத்து வைத்தோம், இருவரும் நின்றுவிட்டோம், ஒருவர் வாயிலிருந்தும் "எனக்கு" என்ற சொல் வரவில்லை.

அதன் பிறகு விடுதியிலும் பேருந்திலும் வகுப்பிலும் என்னிடம் கேட்கப்படுவது அந்த ஒரு பந்தைப் பற்றித்தான். ஆறுதல் சொல்பவர்களும் அந்தப் பந்தைச் சொல்லித்தான் ஆறுதல் சொல்கிறார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் ஆட்டம் பழகியது ஊரில், அண்ணன்மார் மாலையில் ஆடும் திடலில். அங்கே வலை ஆண்களுக்கான 2.43 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது பள்ளி அணிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளியில் அட்டாக்கராக இருந்தேன். கல்லூரிக்கு வந்ததும், என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம் என்பதால், இரண்டாம் ஆண்டில் வேறு நிறச் சட்டையைக் கொடுத்து லிபரோ ஆக்கினார்கள். லிபரோ சர்வீஸ் போட முடியாது, எதிரணி அடிப்பதை வலையருகே தடுக்கும் பிளாக்குக்குக் கை தூக்க முடியாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து எதிர்ப்பக்கம் அனுப்ப முடியாது. புள்ளி எடுக்கும் வழிகள் அநேகமாக எல்லாம் அடைபட்ட ஓர் இடம் அது. புள்ளி கொடுக்காமல் இருப்பதே வேலை. அப்படிப்பட்ட இடத்தில் நிற்பவருக்குத் தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டால்தான் தான் என்ன செய்தோம் என்பதே தெரியும் என்று தோன்றியதால், சீசன் தொடக்கத்திலிருந்து ஒரு குறிப்பேடு எழுதி வந்தேன்.

ஜூனியர் மாணவி ஒருவர் தண்ணீர்க் கேனில் கைபேசியைச் சாய்த்து வைத்து எங்கள் ஆட்டங்களைப் படம் பிடிப்பார். அன்று இரவோ மறுநாளோ அதைப் பார்த்து, எங்கள் பக்கம் வந்த ஒவ்வொரு சர்வீஸுக்கும் மதிப்பெண் போடுவேன். அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் மூன்று அட்டாக்கர்களில் யாருக்கு வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம் என்னும்படி, சர்வீஸை வாங்கி அவருக்கு அனுப்பும் பாஸ் அமைந்தால் 3; இருவருக்குத்தான் கொடுக்கலாம் என்றால் 2; ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் 1; பந்து தரையில் விழுந்தாலோ நேரே எதிரணிக்குப் போனாலோ 0. யார் வாங்கினார், எந்தச் சுழற்சியில் (ஆறு பேரும் இடம் மாறி மாறி நிற்கும் ஆறு வரிசைகளில் எதில்) வாங்கினார் என்பதையும் எழுதுவேன்.

அரையிறுதிக்குப் பிறகு முழுக் குறிப்பேட்டையும் உட்கார்ந்து படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சீசன் முழுவதும் நாங்கள் புள்ளிகளைத் தொடராக இழந்த இடங்கள் பெரும்பாலும் ஒரே சுழற்சியில் இருந்தன: செட்டர் முதல் இடத்தில், அதாவது வலப்பக்கப் பின்வரிசையில், நிற்கும் சுழற்சி. அரையிறுதியின் மூன்றாவது செட்டில் அந்தச் சுழற்சியில் மாட்டிக்கொண்டு வரிசையாக ஆறு புள்ளிகள் கொடுத்தோம். ஐந்தாவது செட்டில் 9-7 என்று முன்னால் இருந்தவர்கள், அதே சுழற்சியில் 9-11 என்று பின்னால் போனோம். எல்லோரும் பேசும் அந்தக் கடைசிப் பந்தோ, இந்த ஆண்டு நாங்கள் சர்வீஸை மிக நன்றாக வாங்கிய, அதாவது ரிசீவ் செய்த, வேறொரு சுழற்சியில் விழுந்தது.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் பயிற்சி செய்வது விடுதியின் பின்புறம் உள்ள மண் தளத்தில். காலையில் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு ஆடுவோம். ஒரு நல்ல மழை பெய்தால் மூன்று நாள் ஆட்டமில்லை. பந்தும் தேய்ந்த பந்து. அரையிறுதி நடந்தது உள்ளரங்கில், மரத் தளத்தில், புதிய மிகாசா பந்தில். சுழலாமல் மிதந்து வரும் சர்வீஸ் கடைசி நொடியில் விலகுவது, எங்கள் தளத்தில் நாங்கள் அறிந்த விலகல் அல்ல.

அடுத்த வாரம் உடற்கல்வி இயக்குநர் முன்னிலையில் அணி கூடி இந்த ஆண்டைப் பற்றிப் பேசப்போகிறோம். என் கேள்வி இதுதான்: அந்தக் குறிப்பேட்டை நான் அங்கே எடுத்துப் போகலாமா? எடுத்துப் போனால், "தோல்விக்கு நான் காரணமில்லை" என்று சொல்ல வந்தவளாகத்தானே தெரிவேன்? அதில் மற்றவர்களுடைய பெயர்களும் பூஜ்யங்களும் இருக்கின்றன. எடுத்துப் போகாவிட்டால், அடுத்த ஆண்டும் அதே சுழற்சியில் நின்று அதே புள்ளிகளைக் கொடுப்பார்கள். நான் அப்போது அணியில் இருக்கமாட்டேன்.

பதில்: பழைய செட்டர்

தங்கைக்கு வணக்கம். நான் தொண்ணூறுகளின் முற்பகுதியில் பல்கலைக்கழக அணிக்குச் செட்டராக ஆடியவள். அப்போது லிபரோ என்ற இடமே கிடையாது. அது 1998-இல்தான் விதிகளுக்குள் வந்தது. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறையில் 15 புள்ளிக்கு ஆடினோம். ஐந்தாவது செட்டில் மட்டும் எந்தப் பந்துக்கும் புள்ளி. ஆகவே நான்கு செட்டுகளில் தவறு செய்தால் சர்வீஸ் போகும், ஐந்தாவதில் தவறு செய்தால் ஆட்டமே போகும் என்ற பயம் எங்கள் கால்களில் ஏறியிருக்கும். இப்போது எல்லா செட்டிலும் எந்தப் பந்துக்கும் புள்ளி என்பதால், உங்கள் தலைமுறைக்கு முதல் பந்திலிருந்தே அந்தப் பயம்தான்.

உங்கள் குறிப்பேட்டைப் பற்றிச் செட்டர் என்ற முறையில் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை உங்கள் மதிப்பெண் சொல்கிறது. செட்டர் எங்கிருந்து ஓடி வந்து அதைத் தொட்டாள் என்பதைச் சொல்லவில்லை. செட்டர் முன்வரிசையில் இருக்கும்போது அவள் பந்துக்காகக் காத்திருக்கிறாள். முதல் இடத்தில் இருக்கும்போதோ, பின்வரிசை வலது மூலையிலிருந்து, எதிரணி சர்வீஸை அடித்த பிறகு, வலையருகே ஓடி வர வேண்டும். அதே நேரத்தில் உங்கள் முதல் அட்டாக்கர் இரண்டாம் இடத்திலிருந்து, அதாவது வலப்பக்க முன்வரிசையிலிருந்து, ரிசீவ் செய்யப் பின்னால் இறங்கி நிற்பார். ஒருத்தி முன்னே ஓட, இன்னொருத்தி பின்னே நிற்க, இருவர் பாதையும் ஒன்றுதான். இந்தச் சுழற்சியில் நீங்கள் போட்ட 2 மற்ற சுழற்சிகளின் 2 ஆகாது. சில 3-களும் 3 ஆகா.

இதோடு முடியவில்லை. வழக்கமான வரிசையில் அந்தச் சுழற்சியில் செட்டருக்கு நேர் எதிரே உள்ளவர் நான்காம் இடத்தில், முன்வரிசையின் இடப்பக்கம் இருப்பார். உங்கள் முதல் அட்டாக்கர் வலப்பக்கம் மாட்டிக்கொள்வார். வலக்கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து அடிப்பது கடினம், ஏனென்றால் பந்து உடலைக் கடந்து கைக்கு வர வேண்டும். அணியின் பலமான கை பலவீனமான பக்கத்தில் நிற்கும் நேரத்தில், ரிசீவும் கொஞ்சம் தடுமாறினால், ஆறு புள்ளி போவதில் வியப்பில்லை. இதை அறிந்த எதிரணிப் பயிற்சியாளர் தன் நல்ல சர்வீஸ்காரரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்.

கூட்டத்துக்குக் குறிப்பேட்டைக் கொண்டுபோவதற்கு முன் செட்டரின் அறைக்குக் கொண்டுபோங்கள். அவளோடு உட்கார்ந்து அந்த ஒரு சுழற்சியின் காணொளிகளை மட்டும் மறுபடி பாருங்கள். இருவர் கையெழுத்தும் இருக்கும் தாளை யாரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய தாள் என்று சொல்லமாட்டார்கள். பெயர்களை எடுத்துவிட்டுச் சுழற்சிகளை மட்டும் ஒரு தனித்தாளில் எழுதுங்கள்.

என் கடைசி ஆண்டில் எங்களுக்கும் இப்படி ஒரு பந்து உண்டு. ஐந்தாவது செட்டில் ஒரு தோழியின் சர்வீஸ் வெளியே போனது. நாங்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆட்டத்தைப் பற்றியே அவளிடம் பேசாமல் விட்டோம் என்பது, அடுத்த ஆண்டு அவள் திடலுக்கு வராதபோதுதான் எனக்கு உறைத்தது.

பதில்: கோட்டு நடுவர்

முன்னவர் கனிவாகச் சொல்லிவிட்டார். நான் சற்றுக் கறாராகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளவும். கடைசிப் பந்து தற்செயலாக விழுந்தது என்று குறிப்பேட்டை வைத்து முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. ரிசீவ் வரிசையின் நடுவே நிற்பவர் லிபரோ. இடைவெளியில் வரும் பந்து யாருடையது என்பது ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய ஒன்று. பந்து வலையைத் தாண்டும்போது முடிவு செய்கிற விஷயமல்ல. பேசி முடித்திருந்தீர்களா என்பதை உங்கள் கேள்வியில் தேடிப் பார்த்தேன், இல்லை. சீசன் முழுக்க அந்தச் சுழற்சியில் நன்றாக வாங்கினீர்கள் என்றால், அதுவரை யாரும் அந்த இடைவெளியைக் குறிவைக்கவில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

இனி விதிகளின் வழியே சில வார்த்தைகள். செட்டர் முதல் இடத்தில் இருக்கும்போது அவர் வலது மூலையில்தான் நிற்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள்; நடுவராகப் பல கல்லூரித் திடல்களில் இதைப் பார்க்கிறேன். ரிசீவ் செய்யும்போது அவர் இரண்டாம் இடத்துக்காரருக்குப் பின்னாலும், ஆறாம் இடத்துக்காரருக்கு (பின்வரிசையின் நடுவில் இருப்பவர்) வலப்பக்கமும் இருந்தால் போதும். விதி கேட்பது இந்த அண்டை உறவுகளை மட்டுமே. தரையில் கட்டம் போட்டு இன்னார் இங்கே என்று அது சொல்லவில்லை. முழு வரிசையையும் இடப்பக்கமாக நகர்த்தினால் செட்டரின் ஓட்டம் குறையும். இரண்டாம் இடத்துக்காரர் எவ்வளவு முன்னால் நிற்கிறாரோ அவ்வளவுக்குச் செட்டரும் முன்னால் வரலாம். அப்படியானால் நீங்களும் பின்வரிசையின் இடப்பக்கமுள்ள ஐந்தாம் இடத்துக்காரரும் மட்டும் இருவராக ரிசீவ் செய்ய வேண்டியிருக்கும். அது துணிவான ஏற்பாடுதான், ஆனால் கல்லூரி அளவில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஐந்தாவது செட்டை எந்தச் சுழற்சியில் தொடங்கினீர்கள்? செட்டரை முதல் இடத்தில் நிறுத்தித் தொடங்குவது பல பயிற்சியாளர்களுக்குக் கைப்பழக்கம். வீரர்கள் ஒன்றிலிருந்து ஆறு, ஆறிலிருந்து ஐந்து என்று சுழல்வதால், செட்டரை ஆறாம் இடத்தில் நிறுத்தித் தொடங்கினால் நீங்கள் அஞ்சும் சுழற்சி ஆறாவதாகத்தான் வரும். 15 புள்ளி செட்டில் அது ஒருமுறைக்கு மேல் வருவது அரிது.

மிதந்து வரும் சர்வீஸைப் பற்றி: முதல் தொடுதலில், ஒரே அசைவில் நிகழ்ந்தால், பந்து கைகளில் இருமுறை பட்டாலும் தவறில்லை. ஆகவே தோளுக்கு மேலே வரும் பந்தை முன்கைக்கு இறங்கும்வரை காத்திருக்காமல் விரல்களாலேயே வாங்கலாம். மண் தளத்தில் பழகியவர்கள் இதை ஏனோ தவிர்க்கிறார்கள்.

பதில்: வடமராட்சிக் கரப்பந்து

நாங்கள் இதைக் கரப்பந்தாட்டம் என்போம். இலங்கையில் 1991 முதல் இதுதான் தேசிய விளையாட்டு. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் அதிகமானோர் பழகுவது வெளித் திடலில்தான். தங்கச்சி சொன்ன உள்ளரங்கப் பிரச்சினையை நானும் பட்டிருக்கிறேன், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் திடலில் பந்தைக் காற்று இழுக்கும். இழுக்கும் திசை நமக்குத் தெரியும். அதற்கேற்ப ஓரடி தள்ளி நிற்கப் பழகிவிடுவோம். உள்ளரங்கில் காற்று இல்லை, ஆகவே பந்து நேரே வரும் என்று மனம் எதிர்பார்க்கிறது. சுழலாமல் வரும் பந்தை விலகச் செய்வதற்கு வெளிக்காற்று தேவையில்லை. அதைச் சுற்றி ஓடும் காற்று ஒருபக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பிந்தியும் பிரிவதாலேயே அது தள்ளாடும், அந்தத் தள்ளாட்டத்துக்குத் திசை கிடையாது. பந்தின் மேற்பரப்பும் இதில் சேரும். 2019 முதல் சர்வதேசப் போட்டிகளில் இருக்கும் மிகாசா பந்தின் மேலுறைக்கு 18 துண்டுகள். அதற்கு முந்தியதற்கு எட்டுத்தான். தேய்ந்த பந்தில் பழகிய கை புதுப் பந்தில் தடுமாறுவது கையின் பிழையல்ல.

வெளியில் பழகும்போது பந்துக்குப் பின்னால் வானம் இருக்கும். அரங்கில் விளக்கும் கூரைக் கம்பிகளும் இருக்கும். பந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கண் தடுமாறும். ஆட்டத்துக்கு முன்னான பயிற்சி நேரத்தில் ஸ்மாஷ் அடிப்பதைக் குறைத்து, ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று மிதக்கும் சர்வீஸ்களைப் போட, நீங்கள் வாங்கிக்கொண்டே இருங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஸ்மாஷ் அடித்துப் பார்ப்பது பார்வையாளர்களுக்கு அழகு, அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பின்வரிசை

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வடமராட்சி அண்ணனுக்கும் நன்றி. கூட்டம் முடிந்துவிட்டது, நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா சொன்னபடி முதலில் செட்டரிடம் போனேன். இரண்டு இரவுகள் அந்த ஒரு சுழற்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவள் பச்சைப் பேனாவை எடுத்து, என் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் தன் மதிப்பெண்ணைப் போட்டுக்கொண்டே வந்தாள். நான் 3 போட்டு வைத்திருந்த என்னுடைய பாஸ்களில் பலவற்றுக்கு அவள் 1 போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. காணொளியை நிறுத்திக் காட்டினாள்: பந்து சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது, ஆனால் தாழ்வாகவும் வேகமாகவும் போயிருக்கிறது. அவள் மூலையிலிருந்து வந்து சேரும்போது பந்து அவள் மார்புக்குக் கீழே இருக்கிறது. குனிந்து முன்கையால் தூக்கிப் போடுவதைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. காணொளியில் என் கண் பந்தை மட்டுமே பார்த்திருக்கிறது, அவளைப் பார்க்கவில்லை.

ஊரில் அண்ணன்மாரோடு ஆடியபோது, அந்த உயரமான வலைக்கு ஏற்ப, நான் கொடுத்த பாஸ்கள் எல்லாம் உயரமானவை. கல்லூரிக்கு வந்ததும் நடு அட்டாக்கர் விரைந்து அடிக்க வசதியாக இருக்கும் என்று தாழ்வான, வேகமான பாஸுக்குப் பழக்கினார்கள். நானும் பழைய பழக்கத்தை விட்டதைப் பெருமையாக நினைத்தேன். ஐந்து சுழற்சிகளில் அது சரிதான். ஆறாவதில், அதாவது நான் யார் யாரையோ குறித்து வைத்திருந்த அந்தச் சுழற்சியில், நான் கொடுத்திருக்க வேண்டியது ஊர்ப் பாஸ்.

கூட்டத்தில் ஆறு சுழற்சிகளையும் பெயரில்லாமல் ஒரே தாளில் வரைந்து வைத்தோம். உயரம் குறைந்த பாஸ்கள் என்னுடையவை என்பதை நானே சொன்னேன். நடுவர் ஐயா, உங்கள் கறாரான கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, அந்த இடைவெளியைப் பற்றி நாங்கள் சீசன் முழுவதும் ஒருமுறைகூடப் பேசியிருக்கவில்லை. இடப்பக்க அட்டாக்கர், "அவள் லிபரோ, எடுத்துவிடுவாள் என்று நின்றேன்" என்றாள். "அவளுக்கு நேராக வருகிறது என்று நின்றேன்" என்றேன் நான். இனி இடைவெளியில் வரும் பந்துக்கு அவள் முன்னால் வெட்டி வருவது, லிபரோ பின்னால் இறங்கிப் போவது என்று முடிவு செய்தார்கள். நான் இந்த இடத்தில் நிற்கப்போவதில்லை என்றாலும், அடுத்த லிபரோவோடு அதைப் பழக்கிக் காட்டும் வேலை எனக்குத்தான்.

வடமராட்சி அண்ணன் சொன்ன உள்ளரங்கப் பயிற்சிக்கு இங்கே உடனடி வழியில்லை. புதுப் பந்து இரண்டு வாங்கித் தருவதாக உடற்கல்வி இயக்குநர் சொல்லியிருக்கிறார். இப்போது மழை, தளத்தில் தண்ணீர் நிற்கிறது.

நடுவர் ஐயாவிடம் ஒரு சிறு சந்தேகம். செட்டரை ஆறாம் இடத்தில் நிறுத்தித் தொடங்கினால் முதல் சர்வீஸ் யாருக்குப் போகும்? எங்கள் செட்டரின் சர்வீஸ்தான் அணியில் சிறந்தது, அதைக் கடைசிக்குத் தள்ளுவதா என்று பயிற்சியாளர் தயங்குகிறார்.

பதில்: கோட்டு நடுவர்

என் கறாரைத் தவறாக எடுத்துக்கொள்ளாததற்கு நன்றி.

நீங்கள் முதலில் சர்வீஸ் போடுவதானால், அப்போது முதல் இடத்தில் நிற்கும் உங்கள் முதல் அட்டாக்கர் போடுவார். எதிரணி முதலில் போட்டால், நீங்கள் அந்தப் புள்ளியை வென்று ஒரு இடம் சுழன்றதும், இரண்டாம் இடத்திலிருந்த நடு பிளாக்கர் சர்வீஸுக்கு வருவார். லிபரோ அந்தச் சர்வீஸின்போது வெளியே இருப்பார். செட்டரின் சர்வீஸ் தள்ளிப்போவது உண்மைதான். ஐந்தாவது செட்டுக்குப் புதிதாக நாணயம் சுண்டுவார்கள் அல்லவா? அணிவரிசைச் சீட்டை அதன் பிறகுதான் கொடுக்க வேண்டும். சர்வீஸ் கிடைத்தால் ஒரு சீட்டு, கிடைக்காவிட்டால் இன்னொரு சீட்டு என்று இரண்டையும் முன்பே எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.